சந்தை நாளில் தொடக்கூடாத கதவு

உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு மறு வருஷம், கொடைக்கானல் பஜாரில் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம் செய்துவந்த ஜமால் முகம்மது ராவுத்தர் ஒரு பழைய மோட்டார் கார் வாங்கினார். பெரும்பாறை எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. கார் வாங்கியதைப் பற்றி ஊர் அதிகம் பேசவில்லை. காருக்குக் கட்டிய கொட்டகையின் கதவைப் பற்றித்தான் பேசியது.

ராவுத்தர் வீடு பஜாருக்குக் கீழே சரிவில் இருந்தது. பின்பக்க முடுக்கில் ஒரு கார் போகலாம். காருக்குப் பக்கத்தில் ஒரு கோழி போகலாம். கதவை வெளிப்பக்கம் திறந்தால் முடுக்கு அடைபடும். உள்பக்கம் திறந்தால் காரில் இடிக்கும். இந்த விசனத்தோடு ஏரிக்கரை பங்களா ஒன்றுக்குக் கிழங்கு போடப் போன ராவுத்தர், அங்கே மோட்டார் கொட்டகையின் கதவு மேலே ஏறிப் போவதைக் கண்டார். அந்த வீட்டுத் துரை ஒரு விரலால்தான் தூக்கினார். கதவு சத்தமில்லாமல் உச்சிக்குப் போய் நின்றது. ராவுத்தர் வீட்டுக்கு வந்ததும் பொன்னுச்சாமி ஆசாரியைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஆசாரி, எனக்கு மேல போற கதவு வேணும்.”

“மேலன்னா எதுவரைக்குமுங்க?”

“கார் போற வரைக்கும்.”

“அப்பறம் கீழ வர வேணாமா?”

“வராமப் பின்ன? கதவுதானய்யா அது, ஆகாசக் கப்பலா?”

துரை வீட்டுக் கதவு லேசான பலகை. ராவுத்தருக்கு லேசான சாமான் எதுவும் பிடிக்காது. மகள் ஜஹனாராவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் வேறு. பண்ணைக்காட்டிலிருந்து பலாமரம் வந்து இறங்கியது. ஆசாரி இரண்டு பக்கமும் காடி எடுத்த தூண்களை நட்டார். கதவு அந்தக் காடிகளுக்குள் ஏறி இறங்கும். கதவின் தலையில் கட்டிய வடக்கயிறுகள் கிணற்றுக் கப்பிகளில் ஏறி உள்ளே போய், பின்சுவரோரம் தொங்கும் ஒரு மரப்பெட்டியில் முடிந்தன. பெட்டியில் கதவுக்குச் சமமான பாரம் இருந்தால் பெட்டி இறங்கும், கதவு ஏறும். ஏறிய கதவு நழுவிவிடாமல் தூணில் துளைபோட்டு ஒரு இரும்பு முளையும் செருக வைத்தார் ஆசாரி. துரை வீட்டில் அப்படித்தான் இருந்ததாம்.

பெட்டியில் முதலில் கல்லைப் போட்டார்கள். பெட்டி நிறைந்தது, பாரம் போதவில்லை. அப்போதுதான் ராவுத்தருக்கு அந்த யோசனை வந்தது. கிழங்கு மூட்டை நிறுக்கும் பெரிய இரும்புப் படிக்கற்கள் வாரத்தில் சந்தை நாளன்றுதான் வேலை பார்க்கும். மற்ற நாளெல்லாம் கடை மூலையில் குந்தியிருக்கும்.

“சும்மாதானே கெடக்கு? சும்மா கெடக்குற இரும்பு கதவத் தூக்கட்டும்” என்றார்.

தூக்கியது. அவர் மனைவி ரஹ்மத் பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். “யா அல்லா, காத்தாட்டம் போகுதே!” என்று சிரித்தார். பிறகு இறக்கினார். பிறகு ஏற்றினார். அக்கம்பக்கத்துப் பெண்களும் ஆளுக்கொரு விரல் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்படியாக ஒரு சட்டம் உண்டாயிற்று. சந்தைக்கு முதல் நாள் சாயங்காலம் பெட்டியிலிருந்து படிக்கற்களை எடுத்துவிட்டு, கடையாட்கள் நாலு பேர் தாங்கிப் பிடித்துக் கதவை இறக்கிவிடுவார்கள். கற்களோடு இரும்பு முளையும் போகும். சந்தையில் தராசை மாட்ட அது வாகாக இருந்தது. சந்தை நாளில் கதவைத் தொடக்கூடாது. இதை ராவுத்தர் எல்லோருக்கும் சொல்லியிருந்தார், காரைத் தவிர.

காரை ஓட்டியவன் வேலப்பன். கொட்டகையை ஒட்டி இறக்கிய தகரச் சாய்ப்பில் அவனும் அவன் மனைவி வள்ளியும் குடியிருந்தார்கள். வள்ளி ராவுத்தர் வீட்டுக்குத் தண்ணீர் எடுப்பாள், மசாலா அரைப்பாள். துரையின் காக்கிக் கோட்டு காரோடு வந்தது. அது வேலப்பனுக்கு முழங்கால்வரை தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு மலை ரோட்டு வளைவுகளில் வலது கையால் ஹாரன் பந்தை அமுக்கிக்கொண்டே வருவான். கீழ் வளைவில் அந்தச் சத்தம் கேட்டதும் வள்ளி அடுப்பில் உலை வைப்பாள். சோறு கொதித்து வடிக்கும் நேரத்துக்குக் கார் முடுக்கில் நுழையும். ஊரில் கடிகாரம் வைத்திருந்தவர்கள்கூட இவ்வளவு சரியாகச் சாப்பிட்டதில்லை.

சட்டம் என்று இருந்தால் அதற்கு ஒரு சந்தும் இருக்கும். சந்தை நாளில் ராவுத்தர் பஜாருக்குப் போனபின், ரஹ்மத் பீவிக்கு ஏரியைச் சுற்றிவர ஆசை வந்துவிடும். வேலப்பனும் வள்ளியும் காலிப் பெட்டியைப் பிடித்துத் தொங்கிக் கதவை ஏற்றுவார்கள். பீவி ஒரு சவுக்குக் கம்பைக் கதவுக்கு அடியில் முட்டுக் கொடுப்பார். கார் வெளியே வரும், போகும், திரும்பும். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பு இன்னும் கொஞ்சம் பலமானதாகத் தெரிந்தது.

ஐப்பசி பிறந்து மலை முழுக்க மூட்டம் இறங்கியது. பகலிலேயே விளக்கு வைக்க வேண்டியிருந்தது. துணி காயவில்லை, உப்பு கசிந்தது, பலாமரக் கதவு தண்ணீர் குடித்துக் கனத்துப்போய் நின்றது. அந்தச் சமயம் பார்த்துப் பழனியிலிருந்து தந்தி வந்தது. பாத்திரக் கடை வைத்திருக்கும் பெரிய குடும்பம், ஜஹனாராவைப் பெண் கேட்டு வருகிறார்கள். கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். வரும் நாள் சந்தை நாள்.

அன்று வெள்ளனே ராவுத்தர் கொட்டகைக்கு வந்துவிட்டார். தலையில் கம்பளிக் குல்லா, கையில் சுக்குக் காப்பி.

“ஏலே வேலப்பா, வண்டிய எடு.”

“மொதலாளி, இன்னைக்குச் சந்தையில்ல? கல்லு அங்கிட்டுப் போயிருச்சுங்களே.”

“எனக்குத் தெரியாதா? முட்டுக் குடுத்து எடுப்பியாமே. பீவி சொன்னா.”

வேலப்பன் பீவியைப் பார்த்தான். பீவி சாரலைப் பார்த்தார்.

“அது வெயில் நாளுங்க. இப்பக் கதவு ஊறிக் கெடக்கு.”

“ஊறுனா என்ன? கதவுதானே, அப்பளமா? கார் இருக்குன்னு கேள்விப்பட்டுத்தான் வர்றாக. பஸ்ஸுல கோழிக் கூடைக்கு நடுவுல குந்தி வந்தா என்ன நெனைப்பாக?”

வள்ளி இடுப்புக் குடத்தோடு நின்றவள், “நான் ஒரு ஓட்டமா ஓடிக் கல்ல வாங்கியாந்துரட்டுமா?” என்றாள்.

“இப்பத்தான் தராசக் கட்டியிருப்பான் மச்சினன் சுல்தான். மொத யாவாரத்துல போயி நிக்காதே, தாயி. இது என்ன சோலி, கண்ணச் சிமிட்டுற சோலி.”

“நீ சும்மா இரு” என்றான் வேலப்பனும், வள்ளியிடம். “நான் எடுக்காததா?”

அவனுக்கும் அந்தக் காக்கிக் கோட்டோடு ஸ்டேஷனில் போய் நிற்க ஆசை இருந்தது.

ராவுத்தர், வேலப்பன், வள்ளி மூவரும் பெட்டியைப் பிடித்துத் தொங்கினார்கள். கதவு முனகிக்கொண்டு ஏறியது. பீவி கம்பை நிறுத்தினார். கம்பின் கால் ஈரக் கல்லில் நின்றது. வேலப்பன் கார் முகப்பைக் கதவுக்கு நேரே கொண்டுவந்தான். குளிரில் இஞ்சின் இருமிவிட்டு நின்றுவிட்டது. அவன் இறங்கி முன்னால் வந்து, குனிந்து, கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். அந்தக் காலத்து மோட்டாரை அப்படித்தான் எழுப்ப வேண்டும். ஒரு சுற்று. “நல்லா இழுத்துச் சுத்துலே” என்றார் ராவுத்தர். இன்னொரு சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டு கார் முழுக்க உதறியது. வேலப்பன் நிமிர்ந்து சிரித்தான். காரின் உதறல் தரைக்குப் போய், தரையிலிருந்து கம்புக்குப் போயிற்று.

கம்பு விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. வேலப்பன் உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். வலது கை மட்டும் கைப்பிடியிலேயே இருந்தது.

கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து, காடியில் இறுகி, காரின் முகப்புத் தகட்டோடு சேர்த்து அவன் முன்கையைக் கவ்விக்கொண்டு நின்றது. ஒரு கயிறு கப்பியை விட்டுக் கழன்று தொங்கியது. ராவுத்தர் காப்பியைப் போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு கையாலும் தூக்கினார். பீவி தூக்கினார். வள்ளி தூக்கினாள். அசையவில்லை. முடுக்கில் ஒரு ஆண்பிள்ளை இல்லை; ஊரே சந்தையில் இருந்தது.

“கல்லு!” என்று கத்தினார் ராவுத்தர். “வள்ளி, ஓடு, கல்லக் கொண்டா!”

ஆளைக் கூப்பிடச் சொல்லியிருக்க வேண்டும். கயிறு கழன்ற பெட்டியில் படிக்கல்லைப் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டில் கதவு தூக்குவதென்றால் கல்தான். சொன்னவருக்கும் வேறு தோன்றவில்லை, ஓடியவளுக்கும் தோன்றவில்லை.

சந்தையில் மூட்டத்துக்குள் குரல்கள் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தன. ராவுத்தரின் மச்சினர் சுல்தான், இரும்பு முளையில் தராசை மாட்டி, ஒரு தட்டில் கிழங்கு மூட்டையும் மறு தட்டில் படிக்கற்களுமாக, நாக்கைத் துருத்திக்கொண்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அய்யா, கல்லக் குடுங்க” என்றாள் வள்ளி, மூச்சு வாங்க.

“என்ன கல்லு?”

“இந்தக் கல்லுதான். மொதலாளி கேட்டாக. வெரசா.”

“சந்தை நாளையில கல்லக் கேட்டாரா? மச்சானுக்கு மூட்டம் தலைக்கு ஏறிருச்சா? இரு தாயி, முள்ளு ஆடுது.”

“முள்ளப் பாக்க நேரமில்லைங்க.”

“உனக்கில்ல. வாங்குறவருக்கு இருக்குல்ல?”

வாங்குகிறவர் வெளியூர் வியாபாரி. “நேரா நிக்கட்டும்மா. அப்பறம் எடைல குறைஞ்சா நீயா குடுப்ப?” என்றார்.

“ஒவ்வொரு வாரமும் இந்தக் கதவோட ரோதனைதான்” என்று சுல்தான் அவரிடம் நியாயம் பேச ஆரம்பித்தார். “கதவுக்குக் கல்லா, கடைக்குக் கல்லான்னு கேளுங்க. எங்க மச்சான் என்ன சொல்வார் தெரியுமா—”

வள்ளி தட்டிலிருந்து ஒரு படிக்கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூட்டை இருந்த தட்டு தடாலென்று இறங்கிக் கிழங்கு சிதறியது.

“ஏய், ஏய்! என்ன பொம்பள நீ!”

“கதவுக்கடியில அவுக கை கெடக்குங்க” என்றாள்.

சுல்தானுக்கு அது புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அவர்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். பின்னால் சந்தையே ஓடியது. ஓடியவர்களில் பலர் கையில் ஆளுக்கொரு படிக்கல் இருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கொட்டகைக்கு வந்ததும் கற்களைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையால் கதவைத் தூக்கினார்கள். கதவு எழுந்துவிட்டது. வள்ளி கடைசியாக வந்து சேர்ந்தாள்; இடுப்பில் இருந்த கல்லை இறக்கி வைக்க வெகுநேரம் அவளுக்குத் தோன்றவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் தம்மால் ஆனதைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

பழனிக்காரர்கள் பஸ்ஸில்தான் வந்தார்கள். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் கை கழுவிக்கொண்டு கொட்டகையை எட்டிப் பார்த்தார். “காரு கெடக்கே, நசுங்கிருச்சோ?” என்று விசாரித்தார். முகப்பில் சின்ன நெளிசல்தான் என்று தெரிந்ததும் அவருக்கு நிம்மதியாயிற்று. சம்பந்தம் முடிவாயிற்று.

வேலப்பன் தொங்கும் கோட்டுக் கையோடு திரும்பி வந்தபோது, ராவுத்தர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். அது பொய்யழுகை இல்லை. ஆஸ்பத்திரிக்கு நாள் தவறாமல் கஞ்சி கொடுத்தனுப்பியவர் அவர். பெயிண்டரைக் கூப்பிட்டுக் கதவில் கொட்டை எழுத்தில் எழுதவும் வைத்திருந்தார்: “கதவின் கீழ் நிற்காதீர்கள்.” கதவு இறங்கியிருக்கும்போது அதைப் படிக்கலாம், அப்போது கதவின் கீழ் நிற்க இடமிருக்காது. கதவு ஏறினால் எழுத்தும் கூடவே ஏறிச் சுவருக்குப் பின்னால் போய்விடும்.

கார் ஓட்ட வத்தலக்குண்டிலிருந்து அழகுமலை என்பவன் வந்திருந்தான்.

“மொதலாளி, எனக்கு என்ன சோலி?” என்று கேட்டான் வேலப்பன். “சாய்ப்பக் காலி பண்ணணுமுங்களா?”

“சீ, என்னலே பேச்சு! உன்னைய வெளிய அனுப்பிட்டு நான் சோறு திம்பேனா?” ராவுத்தர் தாடியைத் தடவினார். “சந்தை நாளையில இனிமே கம்பு கிம்பு வேணாம். ஆகாது. பட்டாச்சு. பெட்டில நீ ஏறி உக்காந்துக்க.”

“எதுலங்க?”

“பெட்டிலதாம்லே. கல்லுக்குப் பதிலு நீ. கார் போனதும் கடையாளுக வந்து கதவப் பிடிச்சுக்குவாக, நீ எறங்கிக்க. கம்பு நழுவும். நீ நழுவுவியா?”

பக்கத்தில் நின்ற சுல்தான், “மதுரையில ஈயக் குண்டு கெடைக்கும் மச்சான். துரை வீட்டுல அதான்” என்றார்.

“கல்யாணம் முடியட்டும், மாப்ளே. பாத்துக்கிருவோம்.”

வள்ளி அம்மியில் மிளகாய் வைத்துக்கொண்டிருந்தாள். “மனுசனப் போயி...” என்று ஆரம்பித்தாள்.

“வேற எங்கிட்டுப் போவ?” என்றான் வேலப்பன், ராவுத்தருக்குக் கேட்காமல். “ஒத்தக் கைய வச்சுக்கிட்டுக் காப்பிப் பழம் பறிக்கவா?”

இப்படி வேலப்பன் படிக்கல்லானான். சந்தை நாளன்று ஒரு கையால் ஏணி பிடித்து ஏறி, உச்சியில் தொங்கும் பெட்டியில் உட்காருவான். அழகுமலை கதவை மேலே தள்ளத் தள்ள, பெட்டி அவனைச் சுமந்துகொண்டு இறங்கித் தரையைத் தொடும். அவன் எழாமல் இருக்கும்வரை கதவும் விழாமல் இருக்கும். அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ரஹ்மத் பீவி, “இளைச்சுப் போயிராதே, வேலப்பா” என்று இரண்டு கரண்டி சோறு கூடப் போடுவார். பாசத்தில்தான் சொன்னார். ஆனாலும் சந்தைக்கு முதல் நாள் மட்டும் மூன்று கரண்டி விழுந்தது.

மாப்பிள்ளையும் ஜஹனாராவும் நிக்காஹ் முடிந்து விருந்துக்கு வந்து, ஊருக்குத் திரும்பிய நாளும் சந்தை நாளாகவே அமைந்தது. விடாத சாரல். கதவு மறுபடி தண்ணீர் குடித்திருந்தது. வேலப்பன் ஒருவனால் பெட்டி இறங்கவில்லை.

“வள்ளி, நீயும் ஒரு ஓரமா ஏறிக்க, தாயி” என்றார் ராவுத்தர்.

வள்ளி கை மாவைத் துடைத்துவிட்டு ஏறினாள். சின்னப் பெட்டி, கால்களை வெளியே தொங்கவிட்டு, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தார்கள். பெட்டி இறங்கியது. வள்ளியின் கால்கள் தரையைத் தொட்டன.

கார் பாதி வெளியே வந்து இருமிவிட்டு நின்றது. உள்ளே பட்டுத் தலைப்பாகையோடு மாப்பிள்ளை. பக்கத்தில் அழுத கண்ணோடு ஜஹனாரா. அழகுமலை கைப்பிடியை எடுத்துக்கொண்டு இறங்கி முன்னால் போனான். முடுக்கில் ரஹ்மத் பீவி தூக்குச்சட்டியில் பிரியாணியோடு நின்றார். ராவுத்தர் மகளுக்குச் சொல்லவேண்டியது மிச்சம் இருந்தது போலும். குடையை மடக்கிவிட்டு, கார் ஜன்னலில் முழங்கையை ஊன்றி நின்றார். நேர் மேலே பலாமரக் கதவு.

“போனதும் தந்தி குடும்மா. பனியில நிக்காதே. மாப்ளே, புள்ளைக்குக் குளிர் ஆகாது...”

வள்ளி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றால் போதும். வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கால் தரையில்தான் இருந்தது.

அவள் முதுகு அசைந்ததை வேலப்பன் உணர்ந்திருக்க வேண்டும். “வள்ளி” என்றான், மெதுவாக.

“மொதலாளி” என்று வள்ளி குரல் கொடுத்தாள். “கதவுக்குக் கீழ நிக்காதீங்க.”

ராவுத்தர் பேச்சை நிறுத்தினார். அண்ணாந்து கதவைப் பார்த்தார். கதவிலிருந்து கயிற்றைப் பார்த்தார். கயிறு போன வழியே கண்ணை ஓட்டிக்கொண்டு போய், பெட்டியில் உட்கார்ந்திருப்பது யார் யார் என்று பார்த்தார். அவர் அத்தனை வேகமாக நகர்ந்து யாரும் பார்த்ததில்லை. குடை அங்கேயே விழுந்து கிடந்தது.

மறுநாளே சுல்தான் மதுரைக்குப் போனார். ஈயக் குண்டுகள் வந்தன. கயிற்றுக்குப் பதில் கம்பிவடம் வந்தது. தூணுக்கு ஒன்றாக இரண்டு முளைகள், தொலையாமலிருக்கச் சங்கிலியில் கோத்து. ரஹ்மத் பீவி பழையபடி ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார், ஆனால் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் கதவு யார் மேலும் விழவில்லை. சந்தை நாள், மழை நாள் என்ற வித்தியாசமே அதற்கு இல்லாமல் போயிற்று.

பெட்டிக்கு ஆள் தேவையில்லாமலும் போயிற்று. அழகுமலை பெண்டாட்டியைக் கூட்டிவர வேண்டுமென்று சாய்ப்பைக் கேட்டான். ராவுத்தர் வேலப்பனைக் கூப்பிட்டு வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

பண்ணைக்காட்டில் மிளகு பறிக்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, இருவரும் மலை ரோட்டில் இறங்கி நடந்தார்கள். வள்ளி தலையில் சட்டிபானை மூட்டை. வேலப்பன் தோளில் பாய். கோட்டை அழகுமலைக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டிருந்தான்.

“நீ ஏன் வாயத் தொறந்த?” என்றான் வேலப்பன்.

வள்ளி ரோட்டோரச் சேற்றைத் தாண்டிக் கால் வைத்தாள்.

“வாய்ல வந்துருச்சு” என்றாள்.

கீழ் வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. வள்ளி நின்றாள். கை தன்னால் தலைமேல் போய், மூட்டைக்குள் உலைப்பானை இருக்கும் இடத்தைத் தொட்டது.

“நம்ம வண்டி” என்றான் வேலப்பன்.

“ஓரமா நில்லுங்க” என்றாள் அவள்.